காலி செய்து செல்லும் விலாசம்

1

இன்று காலை மஸ்கட்டில் என் வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரோடு ஏதோ தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். பதினான்கு வருடத்தில் நான் அவரைப் பத்துத் தடவை பார்த்திருந்தால் அதிகம். கம்பெனி என்னை ஊருக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயது, கொஞ்சம் சர்க்கரை, ஒரு மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மகள், பதினேழு அட்டைப்பெட்டி. இதுதான் நான் ஊருக்குக் கொண்டுவரும் சம்பாத்தியம்.

இங்கே வாடகை ஒப்பந்தம் என்பது வெறும் காகிதமல்ல. மனைவி ஷீபாவுக்கும் மகள் ஜெனிக்கும் விசா புதுப்பிக்க அது வேண்டும், மின்சாரத்துக்கு அது வேண்டும். வருடா வருடம் அதைப் பதிவு செய்வேன். வரிசையில் நிற்பேன், டோக்கன் எடுப்பேன், ஒரு முத்திரைக்காக இன்னொரு ஜன்னலுக்குப் போவேன். முனகிக்கொண்டே செய்தாலும் செய்துவிடுவேன். இன்று அதை முடித்துவைக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"பதினான்கு வருடம். ஒரே வீடு. ஒரு நாள்கூட இடைவெளி இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். பாராட்டாகத்தான் சொன்னாள், பாவம்.

காரில் வந்து உட்கார்ந்தேன். சாவியைப் போடத் தோன்றவில்லை. அந்நிய நாட்டில், எனக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாத ஊரில், என் பதினான்கு வருடத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். என் சொந்த ஊரில், என் சொந்த வீட்டில் ஆறு வருடமாக இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்தைக்கூட முழுசாக எழுதிக் கொடுக்காதவன் நான். வெட்கமாக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் வீடு களியக்காவிளையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கேரள எல்லை அங்கிருந்து நடக்கிற தூரம். முக்கால்வாசி வீட்டை நான் போனிலேயே கட்டினேன். அடுக்களை டைல்ஸை ஷீபா இங்கிருந்து வீடியோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பால் காய்ச்சி, நான்கு நாள் இருந்தோம். அந்த நான்கு நாளும் விருந்தாளிகள், சமையல் பந்தலில். பிறகு பூட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். பூட்டிப் போட்ட வீடு கெட்டுப்போகும் என்று எல்லோரும் சொன்னதால் வாடகைக்கு விட்டோம்.

வாடகைக்கு விடுவது என்றாலே எனக்குப் பயம். அப்பாவுக்குக் குழித்துறையில் ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு தையல்காரருக்கு வாய்ப் பேச்சில் வாடகைக்குக் கொடுத்தார். அவர் இறங்கவில்லை. வழக்கு நடந்தது, வாய்தா நடந்தது, தையல்காரர் இறந்தபின் அவர் மகனோடும் நடந்தது. கடைசியில் அப்பா அந்த வீட்டைக் கிடைத்த விலைக்கு அந்த மகனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தார். அன்றே நான் தீர்மானித்துவிட்டேன், என் வீட்டில் ஒருத்தனையும் வேர்விட விடமாட்டேன் என்று.

எங்கள் பக்கத்தில் பத்திரத்தை ஆதாரம் என்போம். களியக்காவிளையில் ஆதாரம் எழுதுகிற ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். பதினொரு மாதத்துக்கு எழுது, பதிவு வேண்டாம். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டைக் காலி செய்யச் சொல், சாவியை வாங்கு, மறுநாள் புதிதாக எழுது. இப்படிச் செய்தால் எந்தக் காலத்திலும் அவன் தொடர்ந்து இருந்ததாக ஆகாது. புதிய சட்டம் வந்துவிட்டது, எத்தனை மாதமானாலும் பதிவு செய்ய வேண்டும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். படித்துவிட்டு மூடிவைத்துவிட்டேன்.

அவர் சொன்னதோடு நான் விட்டேனா? இல்லை. அத்தனை வருடம் மஸ்கட்டில் பாரம் நிரப்பிய அறிவை எங்கே காட்டுவது? ஒரு ரசீதை நானே தயாரித்தேன். 'மேற்படி வீட்டை முழுமையாகக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன்' என்று வாடகைதாரர் கையெழுத்து. 'பெற்றுக்கொண்டேன்' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே, இங்கத்திய பாரங்களைப் பார்த்து, ஒரு கட்டம்: 'காலி செய்து செல்லும் விலாசம்.' ஆதாரம் எழுதுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "கொள்ளாமே! இந்தக் கட்டம் நல்ல பெலம்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3

குடிவந்தது ஷாஜியும் சுஜாதாவும். ஷாஜி பிளம்பர். சுஜாதா ஒரு கிளினிக்கில் வேலை. ஒரே பெண், ஆதிரா. வந்தபோது ஆறாம் வகுப்பு. வீட்டைப் பார்த்துக்கொண்டது ஷீபாவின் தம்பி கிறிஸ்துதாஸ். ஒவ்வொரு லீவிலும் அடுத்த ரசீதில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

முதல் வருடம் அவர்கள் நிஜமாகவே எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கட்டில், கியாஸ் அடுப்பு, டி.வி., பிள்ளையின் மேசை, எல்லாம் ஒரு மினி லாரியில். போனது எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் சுஜாதாவின் அக்கா வீட்டுக்கு. மறுநாள் அதே லாரியில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கிறிஸ்துதாஸ் கொஞ்சம் இரக்கப்பட்டான். சாமான் கிடக்கட்டும், ஆட்கள் மட்டும் பாயும் துணியும் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றான். ஆனால் பூட்டுப் போட வேண்டும். பூட்டுக்கு முன்னால் அன்றைய பேப்பரைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அந்தப் போட்டோ வரும்வரை எனக்கு இங்கே சோறு இறங்காது.

தெருவில் அதற்கு டூர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஷாஜியே, இந்த வருசம் டூர் எப்பம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பாராம். ஷாஜியும் சிரித்துக்கொண்டே, "விசா வரட்டு," என்பானாம். கிறிஸ்துதாஸ் இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன்.

ஐந்தாவது வருடம் சுஜாதா எனக்கே போன் செய்தாள். "அண்ணே, பிள்ளைக்கு மறுநாளு பத்தாங்கிளாஸ் பரிச்ச. டூர ரெண்டு நாளு தள்ளிப் போட்டுக்கிடலாமா?"

"தேதின்னா தேதிதான் சுஜாதா," என்றேன் நான். "பேப்பர்ல உள்ளத நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது பாத்துக்க."

ஆதிரா பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து, களியக்காவிளையில் இறங்கி, வேறு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினாள். பாஸும் ஆனாள். அதோடு நான் மறந்துவிட்டேன். அந்த வருடத்து ரசீதும் மற்ற ரசீதுகளைப் போலத்தான் இருந்தது. காலி செய்து செல்லும் விலாசம்: பாறசாலை, கேரளம்.

அப்படி ஆறு ரசீது.

4

இந்த வருடம் பள்ளி திறக்கிற சமயத்தில் சுஜாதாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஜெனியைக் கூட்டிக்கொண்டு காரில் போய்க்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, நம்ம பஞ்சாயத்துல வீடு இல்லாத்தவங்களுக்கு மூணு சென்ட் எடம் கொடுக்காவ. அஞ்சு வருசம் விடாம இந்த ஊருல இருந்தவங்களுக்குத்தான். நாங்க ஆறு வருசம் ஆச்சுல்லா. எல்லாப் பேப்பரும் கொண்டு கொடுத்தேன். அதுல என்னமோ கொறை இருக்காம். வீட்டுக்காரரு ஒரு கடுதாசி தந்தா செரியாவும்னு வி.ஏ.ஓ. சொல்லுதாவ. நாங்க விடாம இங்கதான் இருந்தோம்னு ஒரு வரி எழுதி ஒப்புப் போட்டுத் தாருங்க அண்ணே. கடைசித் தேதிக்கு ஒரு மாசம் கூட இல்ல."

காரை ஓரமாக நிறுத்தினேன். விடாமல் இருந்தார்கள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? குழித்துறை வீடு கண்முன் வந்து நின்றது. கிறிஸ்துதாஸுக்குப் போன் போட்டேன். அவன் ஆதாரம் எழுதுகிறவரிடம் ஓடினான். வந்த பதில்: "அத்தான், அவரு வேண்டாம்னு சொல்லுதாரு. அந்தக் கடுதாசி கையில கெடச்சா நாளைக்கு அதையே கோர்ட்டுல கொண்டு போடுவாவளாம். ஒங்களுக்க ஆறு ரசீதும் பின்ன வெறும் தாளு."

அதனால் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பாக்குதேன் என்று சுஜாதாவுக்கு ஒரு வரி அனுப்பினேன். அவள் இரண்டு நாளுக்கு ஒருமுறை 'அண்ணே' என்று மட்டும் அனுப்புவாள். நான் அதைப் பார்ப்பேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழும். போனைக் கவிழ்த்து வைப்பேன். பதினெட்டு நாள் இப்படி ஓட்டினேன். அதை எண்ணி எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

பதினெட்டாம் நாள் சாப்பிடும்போது ஜெனி கேட்டாள். இங்கேயே பிறந்தவள், அவள் தமிழ் எங்கள் ஊர்த் தமிழுமில்லை, பாடப் புத்தகத் தமிழுமில்லை. அந்த வீட்டை அவள் 'நம்ம வீடு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. லீவுக்குப் போனால் கிறிஸ்துதாஸ் வீட்டில்தான் தங்குவோம். ஆகவே அது அவளுக்கு 'சுஜாதா ஆன்ட்டி வீடு'.

"அப்பா, சுஜாதா ஆன்ட்டிக்கு லெட்டர் கொடுத்தாச்சா?"

"இல்ல. அதுல சிக்கல் இருக்கு. ஒனக்குப் புரியாது."

"அவங்க அங்கதானே இருந்தாங்க?"

"இருந்தாங்க."

"அப்ப இருந்தாங்கன்னு எழுதறதுல என்ன சிக்கல்?"

ஷீபா அவளை அடக்கினாள். பாதிச் சோற்றில் எழுந்தேன். கை கழுவிவிட்டு வந்து கடிதத்தை எழுதினேன். நான்கு வரி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் மறுநாள் திருவனந்தபுரம் போகிறார் என்று தெரிந்து அவர் கையில் கொடுத்தனுப்பினேன். அப்பாடா, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

5

கடிதத்தை எடுத்துக்கொண்டு கிறிஸ்துதாஸும் சுஜாதாவும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார்கள். அவர் ஓர் இளம்பெண். திருநெல்வேலிக்காரர் என்று பிறகு தெரிந்தது. மரியாதையாகப் பேசினார். என்னிடமே ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று கிறிஸ்துதாஸின் போனை வாங்கினார்.

"வில்சன் சார், ஆறு ரசீது இருக்கு. ஆறுலயும் காலி பண்ணிட்டாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப ஒரு கடிதம் வந்திருக்கு. இதுல அவங்க காலி பண்ணவே இல்லன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் மேல என்னன்னு எழுதி அனுப்ப?"

"அந்த ரசீதெல்லாம் சும்மா, மேடம். ஒரு பார்மாலிட்டிக்கு. அத ஹலாஸ் பண்ணிரலாம்." பதற்றத்தில் அரபி வந்துவிட்டது.

"என்ன பண்ணிரலாம்?"

"இல்ல, அத கணக்குல எடுக்காண்டாம்."

"சும்மா எழுதினதுலயா சார் ஆறு தடவ கையெழுத்துப் போட்டீங்க? அப்ப இந்தக் கடிதமும் சும்மாவான்னு ஆபீஸ்ல கேப்பாங்களே."

அவரே தொடர்ந்தார். தெருவில் விசாரித்தாராம். இருந்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்களாம். இடைவெளி ஒரு நாள்தான் என்பதும் புரிகிறதாம். "ஆனா சார், வெறும் இடைவெளின்னா பரவால்ல. போன விலாசம் கேரளான்னு தெளிவா எழுதியிருக்கு. வருஷா வருஷம் வேற மாநிலத்துக்குக் குடிபோன குடும்பம்னு காகிதம் சொல்லுது. அத நான் கிழிச்சுப் போட முடியாதுல்ல? நீங்க உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணு கொடுங்க. ரசீதெல்லாம் உண்மை இல்லன்னு அதுல எழுதணும். வெளிநாட்டுல இருக்கறதால அங்க சான்றொப்பம் வாங்கி அனுப்புங்க. கடைசித் தேதிக்குள்ள வந்தா நான் சேத்துக்கறேன்."

அவரைக் குற்றம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நல்ல பெலம் என்று ஆதாரம் எழுதுகிறவர் சொன்னாரே அந்தக் கட்டம், அது பெலமாகத்தான் நின்றது.

இங்கே தூதரகத்தில் சான்றொப்பத்துக்கு முன்பதிவு செய்தேன். கிடைத்த நாள், கடைசித் தேதி முடிந்து நான்காவது நாள். பதினெட்டு நாளில் நான்கு நாளைத் திருப்பிக் கேட்டால் யார் தருவார்?

கடைசித் தேதி தாண்டிய அன்று மாலை சுஜாதாவுக்கு நானே போன் செய்தேன். எத்தனையோ சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டதும் எல்லாம் போய்விட்டது.

"நீ அந்த ரசீதையெல்லாம் எதுக்கு சுஜாதா கொண்டு கொடுத்த? ஒப்பந்தத்த மட்டும் கொடுத்திருந்தா போருமே," என்றேன். பாருங்கள் என் புத்தியை! அப்போதும் அவள்மேல் பழி.

"நீங்கதான அண்ணே சொன்னிய, ஒரு பேப்பரையும் கீழ போடப்பிடாது, எல்லாம் ஒரு கவருல பத்திரமா வைக்கணும்னு. அப்படியே வச்சிருந்தேன். கவரோட கொடுத்தேன்."

பிறகு அவள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அப்பம் நாங்க ஆறு வருசம் எங்க அண்ணே கெடந்தோம்?"

6

அதற்கடுத்த வாரம் கம்பெனி எனக்குக் கடிதம் கொடுத்தது. மூன்று மாதத்தில் ஊர்.

"சுஜாதாகிட்ட எறங்கச் சொல்லுங்க," என்றாள் ஷீபா. "ஒரு மாச நோட்டீஸ் போரும்னு நீங்கதான எழுதி வச்சிருக்கிய?"

எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இதை எப்படி அவளுக்கு விளக்குவேன்? மூன்று சென்ட் இடம் இன்னொரு முறை கொடுப்பார்களாம். எப்போது என்று தெரியாது. தேதி போனாலும் நான் உறுதிமொழிப் பத்திரத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிட்டேன்; அடுத்த முறைக்கு அதை எடுத்துக்கொள்வதாக அந்த அலுவலர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதுவரை சுஜாதா அந்த ஊரில், ஒரு நாள்கூட விடாமல், காகிதத்தோடு இருக்க வேண்டும். இறங்கினால் எல்லாம் முதலிலிருந்து. வேறு வீடு பார்க்கலாம்தான். ஷாஜி அந்த ஊரில் ஒரு வீடு விடாமல் கேட்டுப் பார்த்தான். எங்கே போனாலும் பதினொரு மாதம், ஒரு நாள் காலி, ஒரு ரசீது. ஆதாரம் எழுதுகிறவர் என் பாரத்தை எடுத்துத் தன்னிடம் வருகிற எல்லா வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார். டூர் போகாமல் குடியிருக்க இடம் தரக்கூடிய வீட்டுக்காரன் அந்த ஊரில் இப்போது நான் ஒருத்தன்தான்.

யார் இறங்க மாட்டார்கள் என்று ஆறு வருடம் பயந்தேனோ, அவர்கள் இறங்கத்தான் வழி கேட்டார்கள். அந்த வழியை அடைத்தவன் நான். இப்போது அவர்களாலும் இறங்க முடியாது. என்னாலும் ஏற முடியாது.

ஷீபாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள்.

"எனக்க அடுக்களையில நான் ஒரு நாளு சோறு வச்சதில்ல. நானே பாத்து எடுத்த டைல்ஸ நாலு நாளுக்கு மேல கண்ணால கண்டதில்ல. கட்டின வீட்ட வாடகைக்காரிக்குக் குடுத்துட்டு நாம வாடகைக்குப் போணுமா? கேக்கவங்க சிரிக்க மாட்டாவளா?"

சிரிக்கத்தான் செய்வார்கள். நானே வேறொருத்தன் கதையாகக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் அந்த டேப்பை எடுத்து மீதிப் பெட்டியை ஒட்டினேன். ஜெனி தன் அறையை விட்டு வரவில்லை. கட்டின வீடும் வாடகை வீடும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டிலும் அவள் வாழ்ந்ததில்லை.

சுஜாதாவுக்குப் புது ஒப்பந்தம் எழுதச் சொன்னேன். இந்த முறை மூன்று வருடத்துக்கு. முறையாகப் பதிவு செய்தது. இடைவெளி கிடையாது, ரசீது கிடையாது. கிறிஸ்துதாஸ் முணுமுணுத்தான். "அத்தான், ஒங்க அப்பாவுக்க கேசு மறந்துபோச்சா?" என்றான். மறக்கவில்லை. பயம் இன்னும் இருக்கிறது. பயத்தோடேயே கையெழுத்துப் போட்டேன்.

7

கிறிஸ்துதாஸ் மார்த்தாண்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு பார்த்தான். மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இன்று மத்தியானம், ஒப்பந்தம் ரத்தான தாளோடு நான் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில், அவன் மார்த்தாண்டத்து ஒப்பந்தத்தை வாட்ஸாப்பில் அனுப்பினான். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, இன்றே திருப்பி அனுப்ப வேண்டும். பதினொரு மாதம். கூடவே இன்னொரு தாள்.

அந்த இன்னொரு தாளை நான் வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். 'மேற்படி வீட்டை முழுமையாகக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன்.' நான் 'முழுமையாக' என்று போட ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்தது நினைவுக்கு வந்தது.

போன் செய்தேன். "டேய், இது எனக்க பாரம்லா?"

"ஒங்களுக்கதுதான் அத்தான். ஆதாரம் எழுதுதவரு கடையில பத்திருபது காப்பி போட்டு வச்சிருக்காரு. வீட்டுக்காரருக்கு வாடகைக்காரங்கன்னா பயம். ரசீதுல தேதி மட்டும் விட்டுட்டு இப்பமே ஒப்புப் போட்டுத் தரணுமாம். அந்தக் கட்டத்தையும் நெறச்சுத் தரணும்."

"ஒனக்க வீட்டு விலாசத்தப் போட்டுரட்டா?"

"நான் சாட்சி போடுதேன்லா. சாட்சிக்காரன் விலாசம் அதுல வரப்பிடாதாம். வேற ஏதாவது போடுங்க."

வேறு ஏதாவது. மஸ்கட் விலாசம் இன்று காலையோடு முடிந்தது. கையில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட கட்டம். நான்கு பக்கமும் நானே கோடு கிழித்தது.

அந்த நேரத்தில் சுஜாதா கூப்பிட்டாள். புது ஒப்பந்தம் பதிவாகிக் கையில் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். என் குரலில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். என்ன அண்ணே என்றாள். மறைக்கத் தெம்பில்லை. மார்த்தாண்டத்து வீட்டைச் சொன்னேன், ரசீதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்பம் ஒங்களுக்கும் டூரா?" என்றாள். சிரிப்பு அடங்கியபின் சொன்னாள்: "இங்க வந்துருங்க அண்ணே. ஒரு நாளுதான. அக்காவையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. பாயி இருக்கு. அக்காவுக்கு வேணும்னா அடுக்களையில அவியளே சோறு வைக்கட்டும். நாங்க ஆறு தடவ போனவங்கல்லா, அதுக்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும்."

குத்திச் சொன்னாளா, அன்பாகச் சொன்னாளா என்று கேட்காதீர்கள். இரண்டும் இருந்தது. இரண்டுக்கும் எனக்குத் தகுதி உண்டு.

போனை வைத்துவிட்டு எழுதினேன். வில்சன், மே/பா ஷாஜி. அதற்குக் கீழே கதவு எண், தெரு, களியக்காவிளை வழி. எழுதி முடித்தபோது ஷீபா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது நமக்க வீட்டுக்க நம்பருல்லா?"

"ஆமா."

"பின்ன ஷாஜிக்க பேரு எதுக்கு?"

பதினெட்டு நாள் எழுத முடியாமல் நான் தவித்த வரி, இப்போது தானாக வாயில் வந்தது.

"அவியதான அங்க இருக்காவ," என்றேன்.